ரத்தப் புற்றுநோயின் குடும்ப வேர்: யாரைக் கேட்பது, எதைச் சோதிப்பது

ரத்தப் புற்றுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதும், அவர்களுள் சிலரின் குடும்பங்களில் அந்நோய்க்கான பிறவிக் காரணத்தைத் தேடுவதும் என் பணியின் இரண்டு பாதிகள். வார்டில் யாரோ சொல்லிப்போன ஒரு தகவல் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையாக மாறுவதும், அங்கே கிடைக்கும் விடை திரும்ப வந்து அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையைத் தொடுவதும் எனக்குப் பழகிப்போன நிகழ்வுகள். இந்தப் பணியில் எனக்கு உறுதிப்பட்டுவிட்ட கருத்து ஒன்றுண்டு. மரபணு வரிசையைப் படிக்கும் கருவிகள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், எந்த உறவினரைப் பற்றிக் கேட்டோம், உடலின் எந்தத் திசுவை எடுத்து அனுப்பினோம் என்ற இரண்டும் சரியாக அமையாவிட்டால், கையில் வந்து சேரும் அறிக்கை அழகாக அச்சிடப்பட்ட தவறான பதிலாகவே இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். எல்லா ரத்தப் புற்றுநோய்களும் மரபணு மாற்றங்களால்தான் உண்டாகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒருவரது வாழ்நாளில், எலும்பு மஜ்ஜையின் ஏதோ ஒரு செல்லில் நேர்ந்தவை. 1960-இல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா (மஜ்ஜையில் மைலாய்டு எனும் செல் வகையில் எழுந்து மெல்ல வளரும் ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளிடம் கண்ட குறுகிய குரோமோசோம், 9-ஆம் 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் விளைவு என்று 1973-இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த நோய் உள்ளவர் "என் பிள்ளைங்களுக்கும் வருமா டாக்டர்?" என்று கேட்டால், அந்த மாற்றம் விந்தணுவிலோ கருமுட்டையிலோ இல்லை, ஆகவே பிள்ளைகளுக்குப் போகாது என்று தயங்காமல் சொல்லலாம். ஒரே உருவ இரட்டையர் இருவருக்குமே குழந்தைப் பருவ லுக்கீமியா வருவதைக்கூட உடனே பரம்பரை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும்போது ஒருவரது ரத்தத்தில் தோன்றிய மாறிய செல் மற்றவருக்குக் கடந்துவிடுவதுண்டு. இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டுகளைப் படித்து வளர்ந்ததால், லுக்கீமியா குடும்பத்தில் வருவதில்லை என்ற எண்ணம் எங்கள் துறையில் நெடுங்காலம் அசையாமல் இருந்தது.

அதை அசைத்தவை சில குடும்பங்கள்தாம். 1999-இல் ரன்எக்ஸ்1, 2004-இல் சிஇபிபிஏ, 2011-இல் கேட்டா2, 2015-இல் ஈடிவி6, டிடிஎக்ஸ்41 என்று ஒவ்வொரு மரபணுவாகப் பிறவிப் பிழையோடு தொடர்புபடுத்தப்பட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வகைப்பாடு, பிறவி மரபணு மாற்றத்தின் மீது எழும் மைலாய்டு புற்றுநோய்களுக்கு முதன்முறையாகத் தனிப் பகுதி ஒதுக்கியது. மைலாய்டு வகை நோயாளிகளில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினரிடம் இத்தகைய மாற்றம் இருப்பதாக இன்று கருதப்படுகிறது. இது ஒரு வார்டில் எப்போதும் ஓரிருவர் படுத்திருக்கும் அளவு.

அந்த ஓரிருவரை எப்படி அடையாளம் காண்பது? நான் முதலில் நம்புவது தாளும் பென்சிலும்தான். சதுரம் ஆண், வட்டம் பெண் என்று மூன்று தலைமுறைக்குக் குடும்ப வரைபடம் போடும்போது, "எங்க வீட்டுல யாருக்கும் கேன்சர் கிடையாது" என்பதே பெரும்பாலும் முதல் பதிலாக வரும். அது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஏனென்றால் இந்த மரபணுக்கள் குடும்பத்தில் தம்மைக் காட்டிக்கொள்வது புற்றுநோயாக மட்டுமில்லை. தீவிர லுக்கீமியாவோடு வந்த ஓர் இளம்பெண்ணின் தாயிடம் நான் கேள்வியை மாற்றி, இடிபடாமலே உடம்பில் நீலம் பாயும் வழக்கம் யாருக்காவது உண்டா என்று கேட்டேன். "என் தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்தே தட்டணு கம்மிதான் டாக்டர். மாத்திரையெல்லாம் குடுத்துப் பாத்து, அப்புறம் மண்ணீரலையே எடுத்தாங்க. ஆனா அது கேன்சர் இல்லையே!" என்றார். சற்றுப் பொறுத்து, தமக்கும் பல் பிடுங்கிய அன்று விடியும்வரை ரத்தம் நிற்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் ரன்எக்ஸ்1 மாற்றம் இருந்தது. அதைத் தேடச் சொன்னது அந்தப் பல்லும் மண்ணீரலும்தான்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு என்றாலே அது உடலின் எதிர்ப்பாற்றல் தட்டணுக்களை அழிப்பதால் வருவது என்று கருதி, ஸ்டீராய்டு கொடுத்து, அது பலிக்காதபோது மண்ணீரலை அகற்றுவது இத்தகைய குடும்பங்களில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. சிகிச்சைக்குச் சற்றும் மசியாத, குடும்பத்தில் இன்னொருவருக்கும் உள்ள தட்டணுக் குறைவு என்றால், மருத்துவரிடம் "இது பிறவியிலேயே வந்ததா இருக்குமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்டா2 வேறு வேடத்தில் வரும்: ஒருவருக்குக் கால் வீக்கம், இன்னொருவருக்குக் காது கேளாமை, மற்றொருவருக்கு எத்தனை முறை எடுத்தாலும் திரும்ப வரும் மருக்கள், வேறொருவருக்கு விளங்காத நுரையீரல் தொற்று. குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் டெலோமியரில் கோளாறுள்ள குடும்பங்களில், இருபதுகளிலேயே முழுவதும் நரைத்த தலை, மதுப் பழக்கமில்லாதவரின் கல்லீரல் இறுக்கம், நுரையீரல் தழும்பு ஆகியவை ஒரே வரைபடத்தில் வெவ்வேறு கிளைகளில் உட்கார்ந்திருக்கும். நாங்கள் துறைவாரியாகப் பிரிந்து கிடப்பதால், ஒரே குடும்பத்தின் இவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு மருத்துவரிடம் போவார்கள். யாரும் எல்லோரையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஆகவே, இப்படி ஒரு சந்தேகத்தோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள், குடும்பத்திலேயே வயதான பெண்ணிடம் ஒருமுறை நிதானமாகப் பேசிவிட்டுப் போவது நல்லது. என் வரைபடங்களில் பாதி விவரம் பாட்டிமார்களும் பெரியம்மாக்களும் தொலைபேசியில் சொன்னவை. யார் எந்த வயதில் எதனால் இறந்தார், யாருக்கு மாதவிடாயில் ரத்தம் ஏற்றும் அளவு போனது, யாருக்கு இளவயதில் "ரத்தமே ஊறலை" என்றார்கள் என்ற விவரங்கள் போதும். நோயின் சரியான பெயர் தெரியாமல் போனால் பரவாயில்லை. அதைவிட மதிப்புள்ளது, நோயாளியின் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள். நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் வேறெதற்கோ எடுத்த ஒரு பரிசோதனையில் தட்டணுக்கள் இயல்பைவிடக் குறைந்து 1,10,000 என்றிருந்தால், அந்த மங்கிய தாள் எனக்கு ஒரு முழு வரைபடத்துக்குச் சமம்.

வரைபடம் கைவிடும் இடமும் உண்டு. டிடிஎக்ஸ்41 மாற்றம் உள்ளவர்களுக்கு நோய் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டித்தான் வருகிறது. ஆண்களுக்கே அதிகம் வருகிறது. பலரது குடும்பத்தில் வேறு யாருக்கும் ரத்த நோய் இருந்ததே இல்லை. பரம்பரை நோய் என்றால் இளவயதில் வரும் என்ற பழக்கப்பட்ட நம்பிக்கை இங்கே செல்லுபடியாகாது. இங்கே துப்புக் கொடுப்பது புற்றுநோய்ச் செல்களில் செய்யப்படும் வழக்கமான மரபணுச் சோதனைதான். அதில் ஒரே மரபணுவில் இரண்டு மாற்றங்கள் தெரியும். ஒன்று ஏறக்குறைய 50 விழுக்காட்டுப் பிரதிகளில் இருக்கும், மற்றொன்று மிகக் குறைவான பிரதிகளில் இருக்கும். முதலாவது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தது, இரண்டாவது மஜ்ஜையில் பிற்பாடு சேர்ந்தது என்ற சந்தேகம் உடனே எழ வேண்டும். நோய் தணிந்த பிறகும் முதலாவது அதே 50 விழுக்காட்டில் அசையாமல் நின்றால் சந்தேகம் வலுக்கும். தங்கள் அறிக்கையில் இப்படி ஒரு எண்ணைப் பார்ப்பவர்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். எந்த மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், எடுத்துக்கொள்ளவும் கூடாது.

சந்தேகத்தை உறுதிசெய்யும் இடத்தில்தான் திசு பற்றிய கேள்வி வருகிறது. மற்ற புற்றுநோய்களில் பிறவி மாற்றத்தைப் பார்க்க ரத்தம் எடுத்தால் போதும். எங்கள் நோயாளிகளிடம் ரத்தமே நோயுற்ற திசு. எச்சிலும் உதவாது, ஏனென்றால் எச்சிலில் உள்ள டிஎன்ஏவில் பெரும்பங்கு வெள்ளணுக்களிலிருந்து வருகிறது. ஆகவே தோலில் சிறு துண்டு எடுத்து, அதிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் எனும் இணைப்புத்திசு செல்களை வளர்த்துச் சோதிப்பதே நாங்கள் நம்பும் வழி. மஜ்ஜைப் பரிசோதனைக்காக மரத்துப்போகும் ஊசி போடும்போதே பக்கத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் எடுத்துவிட்டால் நோயாளிக்குத் தனியாக ஒரு வலி இல்லை. ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டைக் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி, கிண்ணத்தின் அடியில் ஒட்டவைத்து, அசைக்காமல் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுத் தினமும் வெளியே எடுத்துப் பார்ப்பவர்களின் துண்டுகள் பெயர்ந்து மிதக்கும் என்பதால், புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதைத்தான். சில நாள்களில் துண்டின் ஓரத்திலிருந்து நீண்டு ஒடுங்கிய செல்கள் ஒன்றிரண்டாக வெளியேறும்; பிறகு அவை பெருகி, மீன்குஞ்சுக் கூட்டம்போல் ஒரே திசையில் வரிசைகட்டும். ஊட்ட நீர் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் திரும்புவது செல்கள் சுறுசுறுப்பாக உண்கின்றன என்பதன் அறிகுறி. போதுமான டிஎன்ஏ கிடைக்கும் அளவுக்கு அவை பெருக மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். நடுவில் பூஞ்சை புகுந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த ஆறு வாரங்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பற்றிப் பேச்செடுக்கும் நாளில் தோலை எடுத்தால் விடை காலம் கடந்து வரும். நோய் கண்டறிந்த முதல் வாரத்திலேயே எடுத்துவிட வேண்டும். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஏற்கெனவே முடிந்திருந்தால் ரத்தத்தில் ஓடுவது கொடையாளரின் டிஎன்ஏ என்பதை நோயாளிகளும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் வேறெந்த நோய்க்காக யார் மரபணுச் சோதனைக்கு ரத்தமோ எச்சிலோ கேட்டாலும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ரத்தம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். எழுபது வயதைக் கடந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், நோய் எதுவும் இல்லாமலே, ரத்த செல்களில் ஒரு பகுதி ஏதாவதொரு மாற்றத்தோடு பெருகியிருக்கும் என்று 2014-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அப்படி ரத்தத்தில் மட்டும் சேர்ந்த டிபி53 மரபணு மாற்றத்தைப் பிறவி மாற்றம் என்று நம்பி, பலவகைப் புற்றுநோய்களுக்கு இட்டுச்செல்லும் பரம்பரை நோயான லி-ஃப்ராமெனி நோய்க்குறி என்ற கனத்த பெயரைச் சுமந்துகொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. தோலில் பார்த்தபோது அது இல்லை, அவர்களது பிள்ளைகள் பயப்பட வேண்டியதும் இருக்கவில்லை. இதற்கு நேரெதிரானவை சாம்டி9, சாம்டி9எல் என்ற மரபணுக்களின் மாற்றங்கள். இந்த மாற்றம் மஜ்ஜை செல்லின் வளர்ச்சியை ஒடுக்குவதால், அந்த மரபணு இருக்கும் 7-ஆம் குரோமோசோமையே செல் உதறிவிடுகிறது. உதறிய செல் பிழைத்துப் பெருகுகிறது. ஆனால் அப்படி ஒரு குரோமோசோம் குறைந்ததே லுக்கீமியாவுக்கு வழிவிடுகிறது. இதில் எங்களுக்குள்ள சங்கடம் என்னவென்றால், பிறவி மாற்றம் குரோமோசோமோடு சேர்ந்து போய்விடுவதால், ரத்தத்தில் தேடினால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. இத்துறையில் நான் பார்த்தவற்றுள் இதைவிட நுட்பமான ஒளிவு வேறில்லை.

"நெகட்டிவ்" என்ற அறிக்கையைப் பற்றியும் ஒரு சொல். பல சோதனைகள் மரபணுவில் புரதத்துக்கான பகுதியை மட்டும் படிக்கின்றன. குடும்பத் தட்டணுக் குறைவுக்குக் காரணமான ஏஎன்கேஆர்டி26 மரபணுவின் முக்கியமான மாற்றங்கள் அந்தப் பகுதிக்கு முன்னால் இருக்கின்றன. கேட்டா2-இன் சில மாற்றங்கள், புரதத்துக்கான பகுதிகளின் இடையிலுள்ள இன்ட்ரான் எனும் துண்டில் இருக்கின்றன. ரன்எக்ஸ்1 சில குடும்பங்களில் முழுதாகவே அழிந்துபோயிருக்கும், அப்போது படித்தது எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் மிஞ்சியிருக்கும் நல்ல பிரதியைத்தான் கருவி படிக்கிறது. குடும்பக் கதை வலுவாக இருந்து அறிக்கை வெறுமையாக வந்தால், இந்த மூன்றையும் அந்தச் சோதனை பார்த்ததா என்று கேட்காமல் கோப்பை மூடக் கூடாது.

இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், கொடையாளருக்காக. மஜ்ஜை மாற்றுக்கு முதலில் பார்ப்பது உடன்பிறந்தவர்களை. ஓர் உடன்பிறப்பின் திசு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு; அதே உடன்பிறப்பு ரன்எக்ஸ்1 போன்ற மாற்றத்தைச் சுமந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. தெரியாமல் அவரது செல்களைச் செலுத்தியதால், அவை சரியாகப் பற்றாமல் போனதும், பெற்றவரின் உடலில் கொடையாளரின் செல்களிலிருந்தே புது லுக்கீமியா எழுந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே, ஆரோக்கியமாக இருக்கும் உடன்பிறந்தவரையும் நான் சோதனைக்கு அழைக்கிறேன். அந்த உரையாடல்தான் என் வேலையில் மிகவும் கடினமானது.

தம்பிக்குக் கொடுக்க வந்த அக்கா ஒருவர் நினைவுக்கு வருகிறார். திசு முழுமையாகப் பொருந்தியிருந்தது. அவரிடமும் மாற்றம் இருந்தது. "நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர், எனக்கு என்ன பண்ணுது?" என்று அவர் கேட்டபோது, அவருக்கு முதன்முதலாகத் தம்மைப் பற்றிய செய்தியும் தம்பிக்கு உதவ முடியாது என்ற செய்தியும் ஒரே வாக்கியத்தில் போய்ச் சேர்ந்தன. இப்படி ஆகக்கூடும் என்பதைச் சோதனைக்கு முன்பே அவரிடம் பேசியிருந்ததால்தான் அந்த அறையில் மேற்கொண்டு பேச்சு நடந்தது. அவருக்கு ஆலோசனை சொன்ன மருத்துவர் வேறொருவர். தம்பியின் மருத்துவரே அக்காவின் மருத்துவராகவும் இருந்தால் யார் நலனை முன்வைத்துப் பேசுகிறார் என்பது கலங்கிவிடும் என்பதால், இந்தப் பிரிப்பை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கொடையாளராகக் கூப்பிடப்படும் யாரும், என் விடை எனக்கு எப்படிச் சொல்லப்படும், அதன்பின் என்னை யார் பார்ப்பார் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

மாற்றம் இருப்பது வேறு, நோய் வருவது வேறு என்பதை எண்களோடு சொன்னால்தான் மனம் பிடிக்கிறது. ரன்எக்ஸ்1 மாற்றம் உள்ளவர்களில் ஏறத்தாழ 35 முதல் 45 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ரத்தப் புற்றுநோய் வருகிறது, மற்றவர்களுக்கு வருவதில்லை. சிஇபிபிஏவில் ஆபத்து மிக அதிகம், ஆனால் அந்த லுக்கீமியா சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஏஎன்கேஆர்டி26-இல் ஆபத்து இவற்றைவிட வெகுவாகக் குறைவு. நோய் வராமல் தடுக்கும் மருந்து என்று நிரூபிக்கப்பட்டது இப்போதைக்கு எதுவும் இல்லை என்பதை நான் மழுப்பாமல் சொல்லிவிடுவேன். தொடக்கத்தில் ஒரு மஜ்ஜைப் பரிசோதனை, பிறகு ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை ரத்த எண்ணிக்கை என்பதே கண்காணிப்பின் சாரம். மஜ்ஜையைப் பார்க்கும் நோயியல் மருத்துவருக்குக் குடும்ப விவரம் தெரிந்திருக்க வேண்டும். இவர்களது தட்டணுத் தாய்ச்செல்கள் நோயில்லாதபோதே விகாரமாகத் தெரிவதால், விவரம் தெரியாதவர் அதைப் புற்றுநோயின் முன்கட்டம் என்று எழுதிவிட வாய்ப்புண்டு.

அன்றாடத்தில் உதவுவது அதைவிட எளிமையானது. ரன்எக்ஸ்1 குடும்பங்களில் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவு மட்டுமில்லை, வேலையிலும் மந்தம். எண்ணிக்கை ஓரளவு நன்றாகத் தோன்றும்போதே அறுவை சிகிச்சையில் ரத்தம் கட்டுக்கடங்காமல் போகலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போன்றவற்றைத் தவிர்ப்பதும், பல் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்வதும், லுக்கீமியாவே வராத உறவினருக்கும் பயன்படும் பாதுகாப்புகள்.

2015-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி அறிக்கைகள் மரபணு மாற்றங்களை, அவை தீங்கற்றவையா நோய்க்குக் காரணமா என்பதைப் பொறுத்து ஐந்து படிகளாகப் பிரிக்கின்றன; நடுப்படி, இன்னும் பொருள் தெளியாதவற்றுக்கு. அந்த நடுப்படியை வைத்துக்கொண்டு ஆரோக்கியமான உறவினர்களைச் சோதிப்பதும், கொடையாளரை ஒதுக்குவதும், உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வதும் வேண்டாத வேலை. குழந்தைகளைச் சோதிப்பதில் மரபணுவைப் பொறுத்தே முடிவு. கேட்டா2, ரன்எக்ஸ்1 போன்றவை சிறுவயதிலேயே தொல்லை தரக்கூடியவை என்பதால் சோதனையில் பயன் உண்டு. டிடிஎக்ஸ்41-ஐப் பொறுத்தவரை அந்தக் குழந்தை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுவதே முறை. தெரிந்துகொள்ள விரும்பாத பெரியவர்களும் உண்டு. "எனக்கு வேணாம் டாக்டர், வந்தா பாத்துக்கலாம்" என்பவரை நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் குடும்பத்தில் இன்னது இருக்கிறது என்று எழுதிய ஒரு கடிதத்தை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். நோயாளியின் வாய்வழிச் செய்தி இரண்டு வீடு தாண்டுவதற்குள் மரபணுவின் பெயர் மாறிவிடுகிறது. எந்த மரபணு, எந்த மாற்றம் என்று தெளிவாக எழுதிய தாள் மாறுவதில்லை.

விடை கிடைக்காத குடும்பங்கள் இன்னும் நிறைய. நாள்பட்ட லிம்ஃபோசைட் லுக்கீமியா உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு அதே நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் எட்டு மடங்கு. ஆனாலும் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் சுட்டிக்காட்டும்படி ஒற்றை மரபணு எதுவும் இல்லை. இவர்களது டிஎன்ஏவையும் தோல் செல்களையும் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கிறோம். புதிய மரபணு ஒன்று வெளியாகும்போதெல்லாம் பழைய தரவுகளை மறுபடி ஓட்டிப் பார்க்கிறோம். கேட்டா2-இன் இன்ட்ரான் மாற்றங்கள் தெரியவந்த பிறகு எங்கள் கிடப்பிலிருந்த ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் விடை கிடைத்தது. ஆனால் படிவத்திலிருந்த தொலைபேசி எண் யாருடையதாகவோ மாறிவிட்டிருந்தது. அவர்களைத் தேடிப் பிடிக்க, மாற்றத்தைக் கண்டுபிடித்ததைவிட அதிக நாள் பிடித்தது. இப்போது ஒப்புதல் படிவத்தில் வேறு வீட்டில் வசிக்கும் இன்னோர் உறவினரின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்கிறோம். குடும்பத்தினரும் ஆண்டுக்கொருமுறை அழைத்து, தங்கள் கோப்பில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கலாம் என்று சொல்லி அனுப்புகிறோம்.